அலகு வெக்டரில் சறுக்கியதற்காக இயற்பியலை விட வேண்டுமா?

அன்புள்ள அம்மா,

வணக்கம். பள்ளியில் கணிதத்தில் முன்வரிசையில் இருந்த மகள், இயற்பியல் பட்டப்படிப்பின் முதல் ஆண்டிலேயே "இது எனக்கு வராது, கணினிப் படிப்புக்கு மாறிவிடுகிறேன்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய விடைத்தாளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. மதிப்பெண் பட்டியல் சொல்லாததை விடைத்தாள் சொல்லிவிடும். வகையீடு சரி, தொகையீடு சரி, முக்கோணவியலில் ஒரு பிழைகூட இல்லை. மதிப்பெண் போனதெல்லாம் ஒரே இடத்தில்: உருளை ஆயங்களுக்கும் செவ்வக ஆயங்களுக்கும் இடையே அலகு வெக்டர்களை மாற்றும் கணக்குகளில். செவ்வக ஆயங்கள் ஒரு புள்ளியை எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று தூரங்களால் குறிப்பவை; உருளை ஆயங்கள் அதே புள்ளியை நடு அச்சிலிருந்து உள்ள தூரம் (ரோ), எக்ஸ் அச்சிலிருந்து சுற்றிய கோணம் (ஃபை), உயரம் (இசட்) ஆகியவற்றால் குறிப்பவை. அலகு வெக்டர் என்பது நீளம் ஒன்று கொண்ட, திசையை மட்டும் காட்டும் அம்பு. இதற்காகத் துறையை மாற்றுவது அவசரம் என்பது என் கருத்து. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன். கணக்கு வரும் பகுதியை நீங்கள் மகளிடம் கொடுத்துவிடலாம்.

பள்ளியில் அவள் பழகிய எக்ஸ், ஒய், இசட் அலகு வெக்டர்கள் எங்கே போனாலும் அதே திசையைத்தான் காட்டும். அதனால் அவற்றைப் பற்றி யோசிக்காமலேயே, முன்னால் நிற்கும் எண்களை மட்டும் கூட்டிக் கழித்து நல்ல மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது. இவை மாறாதவை என்று யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அங்கே எழுவதில்லை. உருளை ஆயங்களில் அந்த வசதி போய்விடுகிறது. ஒரு பெரிய வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம், மேசையின் நடுவிலிருந்து விலகும் திசையைக் காட்டச் சொன்னால் ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு பக்கம் நீளும். எல்லோர் காட்டியதும் சரியே. ரோ திசை அலகு வெக்டர் அப்படிப்பட்டது. ஃபை திசை அலகு வெக்டர் அதற்குச் செங்குத்தாக, கோணம் கூடும் பக்கம் நோக்கி நிற்கும். இசட் மட்டும் பழையபடியே இருக்கும்.

மகளுக்கு: சுருக்கமாக ரோ-அலகு, எக்ஸ்-அலகு என்றே எழுதுகிறேன்.

ரோ-அலகு = (கொசைன் ஃபை) எக்ஸ்-அலகு + (சைன் ஃபை) ஒய்-அலகு
ஃபை-அலகு = −(சைன் ஃபை) எக்ஸ்-அலகு + (கொசைன் ஃபை) ஒய்-அலகு

திரும்பி வரும் வழி:

எக்ஸ்-அலகு = (கொசைன் ஃபை) ரோ-அலகு − (சைன் ஃபை) ஃபை-அலகு
ஒய்-அலகு = (சைன் ஃபை) ரோ-அலகு + (கொசைன் ஃபை) ஃபை-அலகு

நான்கு வரிகளையும் மனப்பாடம் செய்யாதே. முதல் இரண்டின் கெழுக்களை ஓர் அணியாக எழுதி, நிரைகளை நிரல்களாக்கினால் மற்ற இரண்டும் வந்துவிடும். செங்குத்து அணியின் நேர்மாறு அதன் நிரை நிரல் மாற்று அணியேதான் என்று படித்திருப்பாய். அது பயன்படும் இடம் இது. மைனஸ் குறி எங்கே என்று குழம்பினால் ஃபை 90 பாகை என்று வைத்துப் பார். நீ ஒய் அச்சின் மேல் நிற்கிறாய். விலகும் திசை ஒய், சுற்றிச் செல்லும் திசை மைனஸ் எக்ஸ். மைனஸ் தன் இடத்தைத் தானே காட்டிவிடும்.

இப்போது உன் விடைத்தாளின் முதல் பிழை. எக்ஸ் கூறு 2, ஒய் கூறு 1 கொண்ட ஒரு வெக்டரை எடுத்துக்கொள். எக்ஸ் 3, ஒய் 4 என்ற புள்ளியில் ரோ 5, கொசைன் 0.6, சைன் 0.8. ரோ கூறு 2 × 0.6 + 1 × 0.8 = 2. ஃபை கூறு −2 × 0.8 + 1 × 0.6 = −1. அதே வெக்டரை எக்ஸ் −4, ஒய் 3 என்ற புள்ளிக்குக் கொண்டு போ. அங்கே கொசைன் −0.8, சைன் 0.6. ரோ கூறு −1, ஃபை கூறு −2 என்று வரும். வெக்டர் மாறவில்லை, அதன் நீளம் இரண்டு இடத்திலும் 5இன் வர்க்கமூலமே. மாறியது அதை அளக்கும் திசைகள். நீயோ முதல் புள்ளியில் கண்ட கூறுகளை இரண்டாவது புள்ளிக்கும் அப்படியே எடுத்துச் சென்றிருக்கிறாய். செவ்வக ஆயங்களில் அது குற்றமே இல்லை என்பதால்தான் கை தானாக அப்படிப் போகிறது.

இரண்டாவது பிழை இட வெக்டரில், அதாவது ஆதிப்புள்ளியிலிருந்து துகள் இருக்கும் இடத்துக்கு நீளும் வெக்டரில். ரோ, ஃபை, இசட் என மூன்று ஆயங்கள் இருப்பதால் மூன்று உறுப்புகள் இருக்க வேண்டும் என்று நினைத்து, ஃபை × ஃபை-அலகு என்று ஒன்றைச் சேர்த்துவிட்டாய். இட வெக்டருக்கு இரண்டே உறுப்புகள்: ரோ × ரோ-அலகு, இசட் × இசட்-அலகு. ஃபை ஒரு கோணம். நீளங்களோடு அதைக் கூட்ட முடியாது. அந்தக் கோணம் எங்கும் தொலைந்துபோகவில்லை, ரோ-அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்குள் இருக்கிறது.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ரோ-அலகு திசை மாறுவது என்பதால், துகள் நகரும்போது அதையும் வகையிட வேண்டும். ஃபையைப் பொறுத்து ரோ-அலகை வகையிட்டால் ஃபை-அலகு கிடைக்கும். ஃபை-அலகை வகையிட்டால் மைனஸ் ரோ-அலகு. இதை மட்டும் வைத்துக்கொண்டு, மாறாத கோண வேகத்தில் வட்டத்தில் சுற்றும் துகளின் இட வெக்டரை இருமுறை காலத்தால் வகையிட்டுப் பார். மைய அச்சை நோக்கி, ரோ × கோண வேகத்தின் வர்க்கம் என்ற அளவில் முடுக்கம் வரும். பள்ளியில் மனப்பாடம் செய்த மையநோக்கு முடுக்கமேதான், யாரும் சொல்லாமல் தானாக வந்து நிற்கிறது. ரோவும் மாறட்டும் என்று விட்டால் கொரியோலிஸ் உறுப்பும் (சுற்றிக்கொண்டே விலகும்போதோ நெருங்கும்போதோ கூடுதலாக வரும் முடுக்கம்) அதே கணக்கில் பிறக்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை: கோணத்தை டேன் நேர்மாறில் கண்டுபிடித்தால் எந்தக் கால்பகுதி என்று பார். எக்ஸ் −3, ஒய் 3 என்ற புள்ளிக்குக் கால்குலேட்டர் −45 பாகை என்று சொல்லும்; உண்மையில் அது 135 பாகை.

இனி உங்களிடம், அம்மா. கணினிப் படிப்பு நல்ல படிப்புதான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்த அத்தியாயத்திலிருந்து தப்பிக்க அங்கே போவதாக இருந்தால், ஏமாற்றம்தான் மிஞ்சும். திரையில் ஓர் உருவத்தைச் சுழற்றும் வரைகலை நிரலில் இருப்பது இதே கொசைன்-சைன் அணி. ரோபோ கையின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தனி அச்சுத் தொகுதி உண்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொண்டே இருக்க வேண்டும். செயற்கைக்கோளின் பாதையைக் கணிப்பவர்கள் ஆரத் திசை, அதற்குக் குறுக்கான திசை என்றே பேசுகிறார்கள். மின்பொறியியலில் 1929இல் ராபர்ட் பார்க் என்பவர், மின் எந்திரங்களை ஆராய்வதற்காகச் சுழலும் அச்சுகளுக்கு மாறும் முறை ஒன்றை வெளியிட்டார். இன்று மோட்டார் கட்டுப்பாட்டுச் சுற்றுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை செய்யும் அந்த மாற்றத்தின் உள்ளே இருப்பதும் மேலே எழுதிய வரிகள்தான். ஆக, எந்தப் பக்கம் திரும்பினாலும் இதைப் படித்தே ஆக வேண்டும். முதல் ஆண்டில், சும்மா கிடக்கும் ஒரு புள்ளியை வைத்துப் படிப்பது எல்லாவற்றையும்விட எளிது.

இப்போதைக்கு முழுக் கணிதத்துக்கும் தனிப்பயிற்சி வைக்காதீர்கள். தெரிந்ததையே மறுபடி படிக்க வைத்தால் "நான் மோசம்" என்ற எண்ணம்தான் உறுதிப்படும். ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் வரையச் சொல்லுங்கள். 0, 90, 180, 270 பாகைகளில் ரோ-அலகையும் ஃபை-அலகையும் அம்புக்குறிகளாகப் போடச் சொல்லுங்கள். எட்டு அம்புகளும் சரியாக விழுந்தால் கருத்து பிடிபட்டுவிட்டது, பயிற்சிதான் குறை. ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். சூத்திரம் எழுத வருகிறது, அம்பு போட வரவில்லை என்றால் கணக்கை நிறுத்திவிட்டுப் படம் மட்டும் வரையட்டும். அதன் பிறகு ஆசிரியரிடம் போகும்போது "எனக்குப் புரியவில்லை" என்று மொத்தமாகச் சொல்லாமல், எந்த அம்பில் சிக்கல் என்று காட்டிக் கேட்கட்டும்.

துறை மாற்றத்தைத் தீவிரமாகப் பேச வேண்டிய சூழல் ஒன்று உண்டு. எல்லாம் புரிந்து, விடையும் சரியாக வந்து, அந்த மையநோக்கு முடுக்கம் தானாக வந்து நின்றதைப் பார்த்த பிறகும் "சரி, அதனால் என்ன?" என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது என்றால், அப்போது எனக்கு எழுதுங்கள். பிடிக்காத பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டே இருப்பது பெரிய தொல்லை. துறை மாற விண்ணப்பிக்கக் கல்லூரியில் கடைசி நாள் எது என்பதை மட்டும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை இந்தப் பேச்சை வீட்டில் ஆறப்போடலாம்.

அடுத்து அவளுக்குக் கோள ஆயங்கள் வரும். அங்கே கோணங்கள் இரண்டு. தீட்டா எது, ஃபை எது என்பது இயற்பியல் நூல்களில் ஒரு விதமாகவும் பல கணித நூல்களில் நேர்மாறாகவும் இருக்கும். உருளை ஆயங்களிலேயே ரோவுக்குப் பதில் சில நூல்கள் ஆர் என்றும் சில எஸ் என்றும் எழுதுகின்றன; மின்னியலில் மின்னூட்ட அடர்த்திக்கும் ரோதான். புதிய நூல் எதைத் திறந்தாலும், எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்ட பிறகு கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள்.