மீன்கள் தாங்கும் அழுக்கில் நன்னீர் மட்டிகள் ஏன் அழிகின்றன?

மீன் உயிரோடு இருக்கும் ஆற்றில் மட்டி மட்டும் எப்படிச் சாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம், மீன் நீந்தித் தப்பிவிடும், மட்டியால் முடியாது. அது நீரை உள்ளிழுத்து வடிகட்டித்தான் மூச்சும் விடுகிறது, உணவும் எடுக்கிறது. நீரில் உள்ள செம்பும் துத்தநாகமும் அதே வழியாக உடலுக்குள் போய்ச் சேரும். தன் ஓடுகளை மூடிக்கொண்டு சில நாள் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் உண்மையான அடி குஞ்சுகள் மேல்தான். பெரும்பாலான நன்னீர் மட்டிகளின் இளம்புழுக்கள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வளர்கின்றன. அந்த மீன் இனம் குறைந்தால் கதை அங்கேயே முடிந்தது. அப்புறம் கீழே விழும் குஞ்சு மணலுக்குள் புதைந்து சில ஆண்டுகள் வாழ வேண்டும். வயல் உரமும் சாக்கடையும் தரும் அம்மோனியா அங்கே தேங்கும். வண்டல் படிந்தால் மணல் இடுக்குகள் அடைபட்டு ஆக்சிஜனும் போய்விடும். 2013-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நன்னீருக்கான அம்மோனியா வரம்பைக் கடுமையாக்கியதற்கே இம்மட்டிகளின் நச்சுச் சோதனைத் தரவுகள்தான் முக்கியக் காரணம்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ஐரோப்பிய நன்னீர் முத்துச்சிப்பி என்ற மட்டி நூறு ஆண்டுக்கு மேலும் வாழும். ஆற்றில் நிறையச் சிப்பி தெரியும். தோண்டிப் பார்த்தால் எல்லாம் கிழங்கள், குஞ்சு ஒன்றுகூட இருக்காது. எண்ணிக்கையை விட வயதைப் பார்ப்பதே சரி. இனப்பெருக்கம் செய்யவே அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆக வேண்டும் என்பதால், நீர் சுத்தமானாலும் கூட்டம் பெருகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும்.