மறுமொழி: வைத்தியசாலை முன்வளவில் வாகன நெருக்கடி

வணக்கம். கிளினிக் நாட்களில் ஊழியரின் வாகனங்களே முன்வளவை நிரப்பிவிடுவதால், நோயாளரை ஏற்றிவரும் முச்சக்கரவண்டிகள் ஏ9 வீதியோரத்திலேயே நிற்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். புதிய தரிப்பிடத்துக்குக் காசு தேடுவதற்கு முன், நாள் முழுதும் அசையாமல் நிற்கும் ஊழியரின் வாகனங்களை வாயிலிலிருந்து அகற்றுங்கள். 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு கார் இடத்தில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் என்பதால், ஊழியரின் மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்வளவில் கூரையுடன் ஓரிடம் ஒதுக்கினாலே போதும் (வன்னி வெயிலில் காய்ந்த சீற்றில் உட்கார்ந்தவர்கள் மறுக்கமாட்டார்கள்). நோயாளர் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து குவியாதபடி, கிளினிக் இலக்கங்களையும் நேரம் குறித்துக் கொடுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் சிறுவர் மருத்துவமனை, ஊழியரிடம் மாத அனுமதிக்குப் பதிலாக நாள்வாரிக் கட்டணம் அறவிட்டு, காரைத் தவிர்ப்போருக்கு ஊக்கப்பணம் வழங்கியது; ஆனால் இரவில் பஸ் கிடைக்காத ஊரில், கடமைக்கு வரும் தாதியரிடம் கட்டணம் கேட்பது நியாயமாகாது. கடமை மாறும் நேரத்துக்கு ஒரு பஸ் விடும்படி முதலில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் சாலை முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.