அப்பத்தா பேசும் காசெட்டும் பழைய ஹேண்டிகேமும்

கேள்வி: வணக்கம் சார். என் கணவர் துபாயில் வேலை பார்த்தபோது 1997-இல் வாங்கி வந்த சோனி ஹேண்டிகேம் வீட்டில் இருக்கிறது. ஹை8 காசெட் 14 இருக்கின்றன, எல்லாம் 90 நிமிடக் காசெட். அப்பத்தா பேசுவது அதில் ஒன்றில் மட்டும்தான் இருக்கிறது. பேட்டரி போய்விட்டது, அடாப்டர் போட்டால் கேமரா ஓடுகிறது. புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டையே கிடையாது. மகன் ஆன்லைனில் 'ஏவி - எச்டிஎம்ஐ' என்று ஒரு சின்னப் பெட்டி வாங்கினான். மாட்டினால் நீலத் திரை மட்டும்தான் வருகிறது. என்ன செய்வது? - வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, முதலில் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு காசெட்டைக் கையில் எடுங்கள். விளிம்பில் நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு சின்னத் தாழ் இருக்கும், அதைத் தள்ளி சிவப்பு தெரியும்படி வையுங்கள். சிவப்பு தெரிந்தால் அதன்மேல் யாரும் பதிவு செய்ய முடியாது. இருட்டில் கை தவறி சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டால் அப்பத்தா குரல் அழிந்துபோகும், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். 14 காசெட்டுக்கும் செய்துவிடுங்கள்.

அடுத்தது பெட்டி. இதில் இரண்டு ரகம் உண்டு, பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். ஒன்று ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும், இன்னொன்று எச்டிஎம்ஐயை ஏவி ஆக்கும். உங்களுக்கு வேண்டியது முதல் ரகம். மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் 'இன்புட்' என்ற எழுத்து மூன்று வண்ணத் துளைகளின் பக்கம் இருக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் வேண்டும், செல்போன் சார்ஜரை மாட்டாமல் விட்டால் வேலை செய்யாது.

பெட்டி சரியாக இருந்தும் நீலத் திரைதான் என்றால், என் சந்தேகம் வயர் மேல்தான் போகும். கேமராவில் மாட்டும் முனை ஹெட்போன் பின் மாதிரி இருந்தால் அதில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கிறதா பாருங்கள். மூன்று வளையம் என்றால் நான்கு தனித்தனி உலோகத் துண்டுகள், எந்தத் துண்டில் படம் எதில் ஒலி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு எதற்கோ வந்த வயரை மாட்டினால் படம் சிவப்பு முனை வழியாக வந்து நிற்கும், மஞ்சள் சும்மா இருக்கும். எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது. டிவியில் படம் இல்லை, ஸ்பீக்கரில் மட்டும் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம், படத்துக்கான சிக்னல் ஒலித் துளைக்குள் போனால் அப்படித்தான் கேட்கும். சிவப்பு முனையைப் பிடுங்கி மஞ்சள் துளையில் வைத்தேன், படம் வந்துவிட்டது. நீங்களும் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆனால் டிவியில் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது 21 மணி நேரப் பதிவு. கேமராவின் ரப்பர், பல்சக்கரம், நாடாவைப் படிக்கும் தலைப்பகுதி எல்லாம் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இருக்கிற ஆயுளை ஒரே தடவையில் கம்ப்யூட்டருக்கு ஏற்றுவதற்குச் செலவழியுங்கள், குடும்பம் முழுக்க உட்கார்ந்து பார்ப்பதைக் கம்ப்யூட்டரில் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முக்கியமில்லாத ஒரு காசெட்டைப் போட்டு கேமரா நாடாவைக் கடிக்கிறதா என்று பாருங்கள். சரியாக ஓடினால், அடுத்த காசெட்டே அப்பத்தா காசெட்டாக இருக்கட்டும்.

கம்ப்யூட்டருக்கு ஏற்ற யூஎஸ்பி கேப்சர் குச்சி வாங்க வேண்டும், மஞ்சள் துளையுடன் எஸ்-வீடியோ என்ற வட்டத் துளையும் உள்ளதாக. உங்கள் கேமராவிலும் எஸ்-வீடியோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வெளிச்சமும் நிறமும் தனித்தனிக் கம்பியில் போவதால் சேலைக் கரையில் எறும்பு ஊர்கிற மாதிரி வரும் புள்ளிகள் வராது. ஒலிக்கு மட்டும் வெள்ளையும் சிவப்பும் வேண்டும். பதிவு செய்ய ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். துபாயில் வாங்கியது என்பதால் பெரும்பாலும் பால் (PAL) என்ற டிவி முறைதான், 720-க்கு 576 என்று வையுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கேமரா என்றால் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை.

இன்னொரு விஷயம், பழைய வீடியோவில் ஒரு ஃபிரேம் என்பது இரண்டு அரைப் படங்கள், நொடிக்கு 50 அரைப் படம். புதுத் திரையில் அப்படியே காட்டினால் கை வீசும் இடத்தில் சீப்பின் பல் மாதிரி கோடு தெரியும். ஓபிஎஸ்ஸில் அந்தப் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் டீஇன்டர்லேசிங் என்று வரும், அதில் 'யாடிஃப் 2எக்ஸ்' தேர்ந்தெடுத்து, செட்டிங்ஸில் வேகத்தை நொடிக்கு 50 ஆக்குங்கள். நடப்பவர் முன்னும் பின்னும் குதித்தால் அங்கேயே இருக்கும் டாப், பாட்டம் என்பதில் ஒன்றை மாற்றினால் சரியாகிவிடும். அப்புறம், படத்தை 4:3 அளவிலேயே விடுங்கள். டிவி முழுக்க வர வேண்டும் என்று இழுத்தால் எல்லார் முகமும் உப்பிப்போகும், என்னால் அதைப் பார்க்கவே முடியாது.

கேமரா நடுவில் நின்றே போனாலும் கவலை வேண்டாம். 1999-இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8 கேமராக்களில் டிஆர்வி120, 320 போன்ற சில மாடல்கள் உங்கள் ஹை8 காசெட்டையும் ஓட்டும், அதை டிஜிட்டலாக மாற்றி, கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் என்ற வயரிலும் அனுப்பும். பழையது ஒன்று கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். எல்லா மாடலும் அப்படியில்லை, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் மினிடிவி (MiniDV) காசெட் போடும் கேமரா இருக்கிறது. லேப்டாப்பில் ஃபயர்வயர் இல்லை. கடையில் ஒரு பக்கம் ஃபயர்வயர், மறுபக்கம் யூஎஸ்பி உள்ள வயர் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. - வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த வயரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டும் வேறு வேறு மொழி பேசுகிறவை, முனையை மாற்றினால் மொழி மாறாது. கேமராவிலேயே யூஎஸ்பி துளை இருந்தாலும் பெரும்பாலான மாடல்களில் அதில் முழுத் தரம் வராது.

மினிடிவி நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயரில் எடுத்தால் நாடாவில் எழுதியிருப்பதே கம்ப்யூட்டருக்கு வரும், தரம் துளிகூடக் குறையாது. மஞ்சள் வயரில் எடுத்தால் அது கிடைக்காது, அதனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தவர் வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால் அதில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்றைச் செருகி, வின்டிவி (WinDV) என்ற சின்ன மென்பொருளில் பதிவு செய்யுங்கள். விண்டோஸ் 10-இல் அடம்பிடித்தால் '1394 லெகசி' என்ற பழைய ஃபயர்வயர் டிரைவரைப் போட்டுப் பாருங்கள். மேக் இருந்தால் தண்டர்போல்ட் அடாப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி எடுக்கலாம், ஆனால் மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயரையே நீக்கிவிட்டார்கள், அதற்கு முந்தையது வேண்டும். ஒரு மணி நேரக் காசெட் 13 ஜிபி பிடிக்கும். வயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் கேமரா அணைந்திருக்கட்டும். கம்ப்யூட்டர் பக்கத்துப் பெரிய முனையில் மின்சாரம் வரும், தலைகீழாக அழுத்திச் செருகினால் துளை கருகிவிடும்.

கேள்வி: அப்பாவின் ஹை8 கேமராவில் இப்போது ரீல்ஸ் எடுக்க ஆசை. காசெட் கிடைக்கவில்லை. - வாசகர், சென்னை

பதில்: காசெட்டே வேண்டாம் தம்பி. கேமரா மோடில் வைத்தால் லென்ஸ் பார்ப்பது ஏவி வழியாக நேரடியாக வெளியே வரும், அதை மேலே சொன்ன குச்சியில் லேப்டாப்பில் பிடித்துக்கொள்ளலாம். காசெட் உள்ளே இருந்தால் சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும், எடுத்துவிட்டால் அணையாது. மெனுவில் டெமோ மோடை நிறுத்திவிடுங்கள். உங்கள் கேமரா என்பி-எஃப் வகை பேட்டரி எடுக்கும் என்றால் அதிர்ஷ்டம்தான், எல்இடி லைட்டுக்காக அதே வடிவப் பேட்டரியை இன்றும் புதிதாக விற்கிறார்கள்.

கேள்வி: எங்கள் கல்யாண விஎச்எஸ் காசெட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? - வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கூடாது. அது பூஞ்சை. ஓடவிட்டால் பிளேயரின் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்துப் போடும் காசெட்டுக்கும் பரவும். மற்ற காசெட்டிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். காசெட்டைத் திறந்து நாடாவைத் துடைக்கத் தெரிந்த பழைய வீடியோ மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள், கொடுக்கும்போதே பூஞ்சை என்று சொல்லிவிடுங்கள்.