மேய்ச்சல் நிலமும் கால்நடை வளர்ப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோடையில் வயிறு நிறைய மேய்ந்தும் மாடுகள் மெலிவது ஏன்?

பதில்: புல்லின் நாரைச் செரிக்கும் நொதி மாட்டின் உடலில் சுரப்பதில்லை. வளர்ந்த மாட்டில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே நாரை நொதிக்கச் செய்து, உடலுக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பின்னர் அந்நுண்ணுயிர்களும் குடலில் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. முற்றிக் காய்ந்த புல்லில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிர்கள் பெருகாமல் தீனி வயிற்றிலேயே தேங்கி நிற்கும். சாணம் இறுகி, அடுக்கடுக்காக விழுவது இதற்கான அடையாளம். அந்நிலையில் தானியத்தைவிடச் சிறிதளவு பிண்ணாக்கே பயன் தரும்.

கேள்வி: ஓர் ஏக்கரில் எத்தனை மாடுகளை மேய்க்கலாம்?

பதில்: நிலத்தைப் பார்க்காமல் எண்ணிக்கை சொல்வது சரியாகாது, கணக்கிடும் முறையை மட்டும் சொல்கிறேன். 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ உலர்புல் தேவை. ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 1,000 கிலோ உலர்புல் விளைவதாகக் கொண்டால், அதில் பாதியை நிலத்துக்கே விட்டுவிட வேண்டும் என்பதால், ஒரு மாட்டுக்கு ஏழு ஏக்கருக்குச் சற்று மேலாகத் தேவைப்படும். அந்தப் பாதியை வீணென்று எண்ண வேண்டாம். மண்ணை மூடி ஈரத்தைக் காப்பதும், மழைக்குப் பின் புல் மீண்டும் துளிர்க்க உணவு தயாரிப்பதும் அந்த இலைகளே.

கேள்வி: மேய்ந்த இடத்துக்கு எத்தனை நாள் கழித்து மந்தையைத் திருப்பலாம்?

பதில்: நாள்கணக்கை விடுத்துப் புல்லைப் பாருங்கள். ஒரு தூரைக் கையால் விலக்கிப் பார்த்தால், கடிபட்ட தாளிலிருந்து புதிய இலைகள் எவ்வளவு வந்துள்ளன என்பது தெரியும். மூன்று, நான்கு இலைகள் முழுமையாக விரிவதற்குள் மீண்டும் கடிபட்டால் வேரின் வளர்ச்சி நின்று, வறட்சி வந்ததும் அந்தத் தூர் பட்டுப்போகும். மழைக்காலத்தில் சில வாரங்களில் வரும் இந்த வளர்ச்சிக்கு வறண்ட காலத்தில் பல மாதங்கள் ஆகலாம். நான் பார்த்தவரை, மேய்ச்சல் நிலங்கள் பெரும்பாலும் கெடுவது மந்தை பெரிதாக இருப்பதால் அல்ல. புல்லுக்கு ஓய்வு கிடைக்காததால்தான்.

கேள்வி: மாடுகளையும் செம்மறியாடுகளையும் ஒரே நிலத்தில் மேய்க்கலாமா?

பதில்: தாராளமாக மேய்க்கலாம். மாடு நாக்கால் சுருட்டி இழுத்து உண்பதால் உயரமான புல்லையே நன்றாக மேயும். செம்மறி, மெல்லிய உதடுகளால் தரையோட்டமாகக் கறிப்பதுடன், அகன்ற இலைகளைக் கொண்ட செடிகளையும் தின்னும். மேலும், செம்மறியைத் தாக்கும் வயிற்றுப்புழுக்களில் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் நிலைப்பதில்லை என்பதால், இரண்டையும் மாற்றி மாற்றி மேய்த்தால் புழுத்தொல்லை குறையும். தட்டைப்புழு இரண்டையுமே தாக்குவதால் அதற்கு இது தீர்வாகாது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: மாட்டுக்கான தாது உப்புக்கலவையைச் செம்மறிக்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் சேர்ந்து, மஞ்சள் காமாலை கண்டு, உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி: உப்புக்கட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தொட்டியைச் சுற்றியுள்ள புல் ஏற்கெனவே மிதிபட்டுத்தான் கிடக்கும். அதிகம் மேயாத பகுதியில் உப்பை வைத்தால், மந்தை அங்கும் சென்று மேயும்.