மத்தியதரைக்கடல் ஓரம் ஒரே ஊரில் ஒரு வாரம் சும்மா தங்கிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த ஊர், பொழுது எப்படிப் போனது?

இருக்கிறேன். ஊர் பெயர் செஃபலூ. இத்தாலியின் சிசிலித் தீவில், வடக்குக் கரையில் இருக்கிறது. பலெர்மோவிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். போன செப்டம்பர் கடைசியில் நானும் என் மனைவியும் ஏழு ராத்திரி அங்கே தங்கினோம். வேறு எங்கும் போகவில்லை.

மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அவள் முதலில் போட்டுக் கொடுத்த திட்டத்தில் ஒன்பது நாளில் ஆறு ஊர். எக்ஸெல் ஷீட்டில் காலை 6.40க்கு ரயில், 9.15க்கு அருங்காட்சியகம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள். முப்பத்து நாலு வருஷம் வங்கியில் மணி பார்த்தே வேலை செய்தவன் நான். அதைப் பார்த்ததுமே களைப்பு வந்துவிட்டது. மனைவிதான் சொன்னாள்: "ஏனுங்க, ஒரே ஊராப் பாருங்க. பொட்டியை ஒருக்காப் பிரிச்சா போதும்." கடல் இருக்க வேண்டும், கார் இல்லாமல் நடந்தே சுற்ற வேண்டும், ரயிலடி பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒத்துவந்தது செஃபலூ.

ஊருக்குப் பின்னால் 270 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறை நிமிர்ந்து நிற்கிறது. முன்னால் கடல். நடுவில் கிடைத்த இடத்தில் ஊர். கிரேக்க மொழியில் தலைக்குக் 'கெஃபலே' என்று பெயர். இந்தப் பாறையை வைத்துத்தான் ஊருக்குப் பெயர் வந்தது என்கிறார்கள். கிரேக்கர், ரோமர், பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசினர்) என்று கைமாறி, 858இல் அரபுகளிடம் போய், 1063இல் வட பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் கைக்கு வந்த ஊர். இதெல்லாம் எனக்குப் போன பிறகுதான் தெரியும்.

முதல் நாள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாவியை வாங்கி, குளித்துவிட்டு, சாப்பிட இறங்கும்போது மணி மூன்றரை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் தெருவில் கடையெல்லாம் ஷட்டர் போட்டிருந்தது. திறந்திருந்த ஒரே உணவகத்தில் அடுப்பை அணைத்துவிட்டோம், ஏழரைக்கு வாருங்கள் என்று கையைக் காட்டினார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தோம். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மறுநாள் விஷயம் தெரிந்ததும் எங்களைத் திட்டாத குறை. ஒரு மணியிலிருந்து நாலு, நாலரை வரைக்கும் ஊர் தூங்கும். அந்த நேரத்தில் வெயிலில் அலைவது பைத்தியம்தான் என்று சைகையிலேயே புரியவைத்தார்.

அதன் பிறகு நாங்களும் ஊரின் கடிகாரத்துக்கு மாறிக்கொண்டோம். காலையில் ஒரு நடை, ஒரு குளியல். பகல் சாப்பாடு ஒரு மணிக்குள். அப்புறம் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு உறக்கம். நாலரைக்குமேல் மறுபடி வெளியே. ஆறு மணியானால் ஊரே கோர்சோ ருஜ்ஜெரோ என்ற முக்கியத் தெருவில் இறங்கிவிடும். எதையும் வாங்குவதற்காக அல்ல. தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தாத்தா பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு சும்மா மேலும் கீழும் நடப்பார்கள். 'பஸ்ஸெஜாத்தா' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. நாலாம் நாள் ஒரு மளிகைக்கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தலையாட்டி 'புவோனசேரா' (மாலை வணக்கம்) என்றார். அன்று மனைவி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தெருவின் நடுவில் கதீட்ரல். நார்மன் அரசர் இரண்டாம் ருஜ்ஜெரோ 1131இல் கட்டத் தொடங்கியது. புயலில் தப்பிக் கரை சேர்ந்த நேர்த்திக்கடன் என்று ஊர்க்கதை. தன்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கடைசியில் அவர் கல்லறை பலெர்மோவில் இருக்கிறது. உள்ளே பலிபீடத்துக்கு மேல், வளைந்த கூரை முழுக்கப் பொன் நிறச் சில்லுகள் பதித்து, இயேசுவின் மார்பளவு உருவம். 1148 என்று தேதியே பொறித்திருக்கிறார்கள். கையில் விரித்த புத்தகத்தில் 'நானே உலகின் ஒளி' என்ற வாசகம், ஒரு பக்கம் கிரேக்கத்தில், மறுபக்கம் லத்தீனில். வேலைப்பாடு பைசாந்தியம், கட்டச் சொன்னவர் நார்மன், வளைவுகளில் அரபுச் சாயல். 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நாங்கள் மூன்று தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். ஒரே ஊரில் தங்குவதில் இருக்கும் வசதி இது. எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மந்திராலிஸ்கா அருங்காட்சியகம். ஒரு பிரபு சேர்த்துவைத்த ஓவியங்கள், பழைய காசுகள், ஆயிரக்கணக்கில் சிப்பிகள். எல்லோரும் அந்தோனெல்லோ தா மெஸ்ஸீனா 15ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓர் ஆளின் முகத்தைப் பார்க்க வருகிறார்கள். ஒரு சாண் அகலம்தான் இருக்கும். உதட்டோரம் ஒரு ஏளனச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தாங்காமல் ஒரு பெண் முன்பு படத்தைக் கீறிவிட்டாள் என்று கதை சொல்கிறார்கள். நம்பலாம் போலத்தான் இருந்தது; என் பழைய மேலாளர் ஒருவர் அப்படித்தான் சிரிப்பார்.

ஆனால் நான் நின்றுவிட்டது ஒரு மண்பாண்டத்தின் முன்னால். கி.மு. 4ஆம் நூற்றாண்டு. அதில் தீட்டியிருப்பது சாமியோ ராஜாவோ இல்லை, ஒரு மீன் கடை! கடைக்காரர் கத்தியை வைத்துச் சூரை மீனை வெட்டுகிறார். எதிரே நிற்பவர் கையில் காசை எடுத்து நீட்டிக்கொண்டு பேரம் பேசுகிற தோரணையில் நிற்கிறார். "இவன் கொடுக்கறது பத்தாதுங்க, கடைக்காரன் மூஞ்சியப் பாருங்க" என்றாள் மனைவி. இத்தனைக்கும் அவள் மீனே தொடாதவள்.

அவள் சைவம் என்பதால் சாப்பாட்டைப் பற்றிப் பயந்துகொண்டுதான் போனோம். தேவையே இருக்கவில்லை. கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி, வினிகர், சர்க்கரை, ஆலிவ், செலரியோடு புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் கப்பொனாத்தா என்றொரு பண்டம். நம் ஊர்ப் புளிக்கத்தரிக்காய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. அதைவிட அவளுக்குப் பிடித்துப்போனது 'பனேல்லே'. கொண்டைக்கடலை மாவைக் களிபோலக் கிண்டி, பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, எள் தூவிய பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள். பஜ்ஜியும் பன்னும் சேர்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. சிசிலிக்காரர்கள் எள்ளுக்குச் சொல்லும் பெயர் 'ஜுஜ்ஜுலேனா'. அரபுகளின் 'ஜுல்ஜுலான்' அது. நம் நல்லெண்ணெய் டின்னில் 'ஜிஞ்ஜெல்லி ஆயில்' என்று போட்டிருக்கிறதே, அந்தச் சொல்லும் அதே அரபு வேரிலிருந்து வந்ததுதான். இதை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அப்பா, நீங்க ரிடையர் ஆனது நல்லா தெரியுது" என்று பதில் வந்தது.

காலைப் பலகாரம் பாதாம் கிரனீத்தாவும் (பாதி உறைந்த ஐஸ் பண்டம்) ப்ரியோஷ் என்ற மெத்தென்ற பன்னும். பன் தலையில் குட்டிக் கொண்டை ஒன்று இருக்கும். அதை அவர்களும் கொண்டை என்றே, 'துப்பு' என்றே சொல்கிறார்கள். முதலில் கொண்டையைப் பிய்த்து, குளிர்ந்த கிரனீத்தாவில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

சரி, ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்றால், பழைய துணி துவைக்கும் துறை. கடலோரத்துக்கு இணையாகப் போகும் தெருவில், ஒரு வீட்டுக்குள் நுழைவதுபோல வளைந்த படிகளில் இறங்கினால், தெருமட்டத்துக்குக் கீழே கல் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. செஃபலினோ என்ற சிற்றாறு சுவரில் உள்ள இரும்பு வாய்கள் வழியாகக் கொட்டுகிறது. பாதிக்குமேல் சிங்க முகங்கள். தொட்டி ஓரத்தில் சாய்வான துவைகற்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் துணியை அடித்துத் தேய்த்ததில் வழவழவென்று ஆகிவிட்டிருக்கின்றன. தண்ணீர் தொட்டி தொட்டியாக வழிந்து அப்படியே கடலுக்குப் போய்விடுகிறது. வெள்ளியைவிடத் தூயது, பனியைவிடக் குளிர்ந்தது என்று அந்த ஆற்றைப் புகழ்ந்து சுவரில் எழுதிவைத்திருக்கிறார்கள். மனைவி கையை விட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இடது கைக்காரி ஒருத்தி இங்க துவைச்சிருக்கா" என்றாள். தேய்மானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அவள் கல்யாணமான புதிதில் எங்கள் வாய்க்காலில் துவைத்தவள்.

பாறைமேல் ஏற டிக்கெட் உண்டு. காலையில் சீக்கிரம் போங்கள், பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள். பாதி வழியில் ரோமர்களின் பெண் தெய்வமான தியானாவின் கோவில் என்று பெரிய பெரிய கற்களால் கட்டிய பழைய இடம் வரும். நாங்கள் அதோடு திரும்பிவிட்டோம். அங்கிருந்தே கதீட்ரலும் கூரைகளும் கடலும் கீழே தெரிகின்றன.

கடலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கேள்விக்குப் பதில் ஆகாது. நல்ல மணல், ஆழம் மெதுவாகத்தான் கூடும். நாங்கள் போன நாட்களில் அலை பெரும்பாலும் பாதத்தை நனைக்கிற அளவுதான். ஓதம் இறங்கி ஏறுவது அந்தக் கடலில் ரொம்பக் குறைவு என்பதால், பழைய துறைமுகத்தை ஒட்டிய வீடுகள் தண்ணீரில் கால் வைத்தே நிற்கின்றன. செப்டம்பர் கடைசியிலும் தண்ணீர் வெதுவெதுப்பு. சாய்வு நாற்காலிக்கு வாடகை கேட்கும் பகுதிகள் தனி. இலவச மணலும் இருக்கிறது, துண்டை விரித்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள். மாத நடுவில் இத்தாலியே விடுமுறையில் கடற்கரைக்கு வந்துவிடும். உணவக பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஓரிரு யூரோ சேர்த்திருந்தால் சண்டை போடவேண்டாம், அது மேஜைக்கான கட்டணம். காபியை நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு. நாங்கள் நின்றுதான் குடித்தோம். கடைசி நாள் மட்டும் கதீட்ரல் எதிரே உட்கார்ந்து, கூடுதல் காசு கொடுத்து, ஒரு கோப்பையை ஒண்ணேகால் மணி நேரம் குடித்தோம்.