தறிச் சத்தத்துக்குள் குரல் கேட்கிறது என்கிறான் தம்பி

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. சேலம் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். போன வருடம் மனச்சிதைவு நோய் என்றார்கள். எட்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறான். தூக்கம், சாப்பாடு சரியாகிவிட்டது. ஆனால் டீக்கடையில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்களாம். தறி ஓடினால் அதற்குள் யாரோ திட்டுகிறார்களாம். வேலைக்குப் போகமாட்டேன் என்கிறான். டாக்டர் சிபிடி என்கிற பேச்சு சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். பேசியே சரியாகுமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். நன்றாகிவிட்டது என்று விட்டுவிட்டு, நோய் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். குறைப்பதென்றாலும் டாக்டர்தான் குறைக்க வேண்டும். சிபிடி மாத்திரையோடு சேர்ந்து நடப்பது.

பேசி என்ன ஆகும் என்கிற சந்தேகம் நியாயமானது. பிற்பாடு சிபிடியை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1952-இல் ஒருவரைப் பற்றி எழுதினார். அப்பாவின் கடைக்கு வருகிறவர்களில் பலர் தன்னை வேவு பார்க்கிறவர்கள் என்று நம்பிய மனிதர். பெக் அவரோடு வாதாடவில்லை. வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கவனிக்க வைத்தார். சந்தேகப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது. உங்கள் தம்பியின் டீக்கடைக்கும் அதே வழிதான். “நூற்றுக்கு எவ்வளவு உறுதியாக நம்புகிறாய்?” என்று கேட்போம். 90 என்பான். சரி, பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்து, புதிதாக யார் வந்தாலும் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்று எண்ணிக்கொண்டு வா என்போம். அடுத்த வாரம் அந்த 90 வெறும் 70 ஆனாலும் எங்களுக்கு அது நல்ல வாரம்.

தறி விஷயம் கொஞ்சம் வேறு. ஒரே தாளத்தில் ஓடும் சத்தத்தில் பேச்சு கேட்பதுபோல் தோன்றுவது நோய் இல்லாதவர்களுக்கும் உண்டு. பல நாள் தூங்காதவர்களுக்குக் குரலே கேட்கும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் இறங்கும். ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். குரல் எப்போது வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், எதைச் செய்ததும் அடங்கியது என்று அவனே எழுதட்டும். சிலருக்கு முணுமுணுத்துப் பாடினால் குறையும், சிலருக்கு ஒரு காதில் மட்டும் பாட்டு ஓடினால். தறிக்கூடத்துக்கு முதலில் அரைமணி நேரம் போதும். தறியில் கை வைக்காமல் சும்மா நின்றுவிட்டு வரட்டும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆய்வுகளில் சராசரிப் பலன் மிதமானதுதான். பிரிட்டனில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் என்கிற அமைப்பு குறைந்தது 16 அமர்வுகள் என்கிறது. நாலு தடவை போய்விட்டு ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். குரல் அடியோடு போகாவிட்டாலும், அது கேட்கும்போதே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் “அதெல்லாம் உன் பிரமை” என்று சொல்ல வேண்டாம், “ஆமாண்டா, பேசுறாங்க” என்றும் சொல்ல வேண்டாம். “எனக்குக் கேட்கலைடா, உனக்குக் கேட்குதுன்னு புரியுது, பயமா இருக்கா?” என்று கேளுங்கள். திட்டும் குத்தலும் அதிகமான வீடுகளில் நோய் சீக்கிரம் திரும்புகிறது. சேர்வராயன் கோயிலுக்கு வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள், மாத்திரைப் பட்டையும் பையில் இருக்கட்டும்.

மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில், மருத்துவ உளவியலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குரல் “செத்துப்போ” என்றோ யாரையாவது அடி என்றோ சொன்னால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். ராத்திரியில் யாரிடமாவது பேசியாக வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.