டிரான்சிட் கருவியும் மெரிடியன் வட்டமும்

கேள்வி: நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கும் கருங்கல் தூண், பழைய சென்னை வானாய்வகத்தின் டிரான்சிட் கருவியைத் தாங்கியது என்று படித்தேன். அங்கே பின்னாளில் மெரிடியன் வட்டம் என்ற கருவி வந்ததாம். இரண்டும் நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடப்பதைத்தானே பார்க்கின்றன? பிறகு எதற்கு இரண்டு பெயர்?
— வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: தாங்கள் கூறுவது பாதி சரி. இரண்டிலும் தொலைநோக்கி, கிழக்கு மேற்காகக் கிடக்கும் ஓர் அச்சில் பொருத்தப்பட்டிருப்பதால், வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கு வரை செல்லும் உச்சிக்கோட்டை விட்டு அது விலகவே முடியாது. வேறுபாடு, அவை எதை அளக்கின்றன என்பதில் இருக்கிறது.

டிரான்சிட் கருவி நேரத்தை மட்டுமே அளக்கும். கண்ணருகே கட்டிய மெல்லிய இழைகளை நட்சத்திரம் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது, கடிகாரத்தின் துடிப்பை எண்ணிக்கொண்டே அந்தக் கணத்தைக் குறிப்பார்கள். ஒரு விநாடி பிசகினால் வான நடுக்கோட்டருகே (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் செல்லும் கோடு) 15 விகலை (பாகையின் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) பிசகும் என்பதால், அச்சு இம்மியும் அசையக் கூடாது. 1792-ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கும் அந்தத் தூணைக் கருங்கல்லில் அமைத்ததன் பொருத்தம் இதில் விளங்கும். இக்கருவியிலும் சிறு வட்டம் ஒன்று உண்டு. தங்களைப் போலப் பலரும் குழம்புவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அது தொலைநோக்கியைத் தோராயமான உயரத்துக்குத் திருப்பி வைக்க மட்டுமே உதவும்.

மெரிடியன் வட்டத்தில் அதே அச்சில் நுட்பமாகக் கோடிட்ட பெரிய வட்டம் ஒன்று இருக்கும். சுற்றிலும் பொருத்திய பல நுண்ணோக்கிகளால் அதைப் படித்துச் சராசரி எடுப்பதால், வட்டத்தின் மையம் சற்று விலகியிருந்தாலும் அந்தப் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். அகத்திய நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அது தென்வானில் சுமார் 24 பாகை உயரத்தில், அதாவது தலையுச்சியிலிருந்து 66 பாகை தள்ளி, உச்சிக்கோட்டைக் கடக்கும். நம் ஊரின் அட்சம் 13 பாகை வடக்கு. அதைக் கழித்தால் அந்த நட்சத்திரம் வான நடுக்கோட்டுக்கு 53 பாகை தெற்கே இருப்பது தெரிந்துவிடும். டிரான்சிட் கருவியால் இதைத் துல்லியமாகச் சொல்ல இயலாது.

எனவேதான் 1830-களில் இங்கு பணியாற்றிய வானியலாளர் டெய்லர், நேரத்துக்கு டிரான்சிட் கருவியையும் உயரத்துக்குச் சுவர் வட்டத்தையும் (சுவரில் பொருத்திய, கோடிட்ட பெரிய வட்டம் கொண்ட கருவி) தனித்தனியே பயன்படுத்த வேண்டியிருந்தது. 1844-இல் வெளிவந்த அவருடைய பட்டியலில் 11,015 நட்சத்திரங்கள் இடம்பெற்றன. அந்த உழைப்பை எண்ணும்போதெல்லாம் வியப்பே மேலிடுகிறது. பின்னாளில் இங்கு வானியலாளர்களான போக்சனும் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் பணியாற்றிய காலத்தில் மெரிடியன் வட்டம் வந்த பிறகு, நட்சத்திரம் ஒருமுறை கடக்கும்போதே இரண்டு அளவுகளையும் ஒரே கருவியில் எடுக்க முடிந்தது.